எறும்பு தின்ற ரத்தம்

மேடையில் என்னை அறிமுகப்படுத்துகிறவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். பொது சுகாதாரத்தில் முப்பது வருஷம், ஆதாரம் இல்லாமல் ஒரு வரி எழுதமாட்டார், சான்று இல்லாமல் வாய் திறக்கமாட்டார். மண்ணாங்கட்டி. அந்தமானில் எட்டு மாதம் நான் எழுதித்தள்ளிய வரிகளுக்கு என்ன ஆதாரம் இருந்தது என்பது எனக்குத் தெரியும். அதை இன்றைக்கு எழுதிவிடுகிறேன். அதன்பிறகும் மாலை போடுகிறவர்கள் போடட்டும்.

அறுபதுகளின் நடுவில், மெட்ராஸில் படிப்பை முடித்த கையோடு போர்ட்பிளேருக்குக் கப்பலேறினேன். சேவை மனப்பான்மை அது இது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஊரில் கிடைத்ததெல்லாம் சீனியர்களுக்குப் பை தூக்குகிற வேலை. அந்தமானுக்கு ஒருத்தனும் வரமாட்டான், போனவுடனே அதிகாரி ஆகிவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். போனேன், ஆனேன். மலேரியாப் பிரிவுக்கு டாக்டர். ஒரு மேஜை, ஒரு மைக்ராஸ்கோப், நான்கைந்து சாயப் புட்டி, நேரம் தவறாமல் ஊதுகிற சாத்தம் தீவு மர ஆலையின் சங்கு. கப்பலில் நாலு நாள் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தவனுக்கு இதுவே ராஜ்ஜியமாகத் தெரிந்தது. தலைகால் புரியவில்லை எனக்கு.

வேலை சுலபமானதுதான். ஒவ்வொரு தீவிலும் ஓர் ஊழியர் இருப்பார். வீடு வீடாகப் போய், காய்ச்சலில் கிடப்பவர்களின் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, காயவைத்து, காகிதத்தில் சுற்றி, அடுத்த போட்டில் எனக்கு அனுப்புவார். அன்றைக்குச் சமாளிக்க இரண்டு மாத்திரை கொடுத்துவிட்டு வருவார். நான் அந்தக் கண்ணாடியைச் சாயத்தில் நனைத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, மலேரியாக் கிருமி இருக்கிறதா இல்லையா என்று படிவத்தில் எழுதவேண்டும். இருக்கிறது என்று நான் எழுதி அனுப்பினால்தான் காய்ச்சல்காரருக்கு முழு மருந்து. இல்லை என்று எழுதினால் அவர் கஷாயம் வைத்துக் குடித்துக்கொள்ள வேண்டியதுதான். படிவத்தில் கட்டங்கள் இரண்டே இரண்டு. உண்டு, இல்லை.

எனக்கு மேலே ஒருவர் இருந்தார். ஆபீசில் எல்லாரும் அவரைப் படா சாப், அதாவது பெரிய துரை, என்பார்கள். தமிழர்தான், டாக்டர்தான். ஆனால் நோயாளியைத் தொட்டுப் பார்த்துப் பல காலம் ஆகியிருந்தது. மெயின்லேண்டிலிருந்து வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதுதான் அவருடைய வைத்தியம். அதில் 'இல்லை' என்ற சொல் எத்தனை முறை வருகிறதோ அத்தனை சந்தோஷம். காலரா இல்லை, அம்மை இல்லை, புகார் இல்லை. இப்படிப்பட்ட மனிதருக்கு என்னைப் பிடித்துப்போனதில் ஆச்சரியம் என்ன? நான் எழுதியதும் அதைத்தான்.

முக்கியமாக ஹேவ்லாக் தீவுக்கு. இப்போது அந்தக் கடற்கரையில் வெள்ளைக்காரர்கள் வெயில் காய்கிறார்கள். அப்போது அங்கே கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிக் குடும்பங்கள் காட்டைத் திருத்தி நெல் போட்டுக்கொண்டிருந்தன. அங்கிருந்த எங்கள் ஊழியர் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர், வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பம், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் அனுப்பும் கண்ணாடிகளைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ரத்தம் திட்டுத்திட்டாக இருக்கும். சிலதில் ஓரத்தில் மட்டும் கோடு போல இருக்கும். சிலது துடைத்துவிட்ட மாதிரி வெறும் கண்ணாடி. இந்த ஆளுக்கு ஒரு சொட்டு ரத்தத்தை ஒழுங்காகத் தடவக்கூடத் துப்பில்லையே என்று முணுமுணுத்துக்கொண்டே பார்ப்பேன். கிருமி எதுவும் கண்ணில் படாது. 'இல்லை' கட்டத்தில் குறி போடுவேன். அடுத்தது.

ரத்தமே இல்லாத கண்ணாடியில் கிருமி எப்படித் தெரியும்? ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கேட்டிருக்கும். மெட்ராஸில் தங்கப் பதக்கம் வாங்கிய நான் கேட்கவில்லை.

அந்த மனிதர் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு போட்டிலும் கண்ணாடியோடு ஒரு கடிதம் வரும். இங்கே காய்ச்சல் அதிகமாக இருக்கிறது, நடுக்கத்தோடு ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது, தயவுசெய்து ஒருமுறை வந்து பாருங்கள் என்று எழுதியிருப்பார். ரத்தம் தடவத் தெரியாதவன் எனக்கு வைத்தியம் சொல்லித்தருகிறானா என்று அதை ட்ரேயில் போட்டுவிடுவேன். ஒருமுறை பதில் போட்டேன். ஒழுங்காக வேலையைக் கற்றுக்கொள்ளவும், ஆராய்ச்சியை எங்களிடம் விடவும் என்று.

இப்படியே எட்டு மாதம். ஹேவ்லாக்கில் மலேரியா இல்லை என்று மாதாமாதம் மெயின்லேண்டுக்குப் போயிற்று. படா சாபுக்குப் புது யோசனை பிறந்தது. ஹேவ்லாக் ஜெட்டியில் 'மலேரியா ஒழிந்த தீவு' என்று சிமெண்டுப் பலகை வைத்துத் திறப்பு விழா நடத்துவது, அதன்பிறகு அங்கே மருந்தும் வேண்டாம், ஊழியரும் வேண்டாம் என்று இரண்டையும் எடுத்துவிடுவது. அதற்காகத்தான் ஹேவ்லாக் மருந்துப் பெட்டியின் இருப்பைக் கேட்டு எழுதினோம். வந்த பதிலைப் பார்த்து ஆபீசே கூடிவிட்டது. பெட்டி கிட்டத்தட்டக் காலி.

நான் ஒருவருக்குக்கூட முழு மருந்து கொடுக்கச் சொல்லி எழுதவில்லை. அப்படியென்றால் மருந்து எங்கே போயிற்று? வித்துட்டான்யா என்றார் படா சாப், ஒரு நொடிகூட யோசிக்காமல். நானும் யோசிக்கவில்லை. அன்றைக்கே உட்கார்ந்து மெமோ எழுதினேன். அரசு மருந்தைத் தவறாகப் பயன்படுத்தியதற்கு உங்களை ஏன் வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்று கேட்டு ஒரு பக்கம். என் வாழ்நாளில் நான் எழுதிய ஆங்கிலத்திலேயே அதுதான் அழகானது. இரண்டு தடவை படித்துப் பார்த்து ரசித்துவிட்டுத்தான் உறையில் போட்டேன். வெட்கக்கேடு.

விசாரணைக்கு ஆள் போகவேண்டும் என்று விதி. மழைக்காலத்தில் அந்தப் போட்டில் ஏற யாரும் தயாரில்லை, என் தலையில் கட்டிவிட்டார்கள். ஹேவ்லாக் ஜெட்டியில் நான் இறங்கும்போது ஒரு கிழிந்த துணி மாதிரி இருந்தேன். ஊழியர் குடையோடு வந்து நின்றார். என் பையை வாங்கிக்கொண்டார். வேலையைப் பறிக்க வந்தவனுக்குக் குடை பிடித்துக்கொண்டு வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

மருந்து எங்கே என்று கேட்டேன். காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்துவிட்டேன் என்றார். ஒரு நோட்டை நீட்டினார். பெயர், வீடு, தேதி, கொடுத்த மாத்திரை, காய்ச்சல் நின்ற நாள் எல்லாம் கொசகொசவென்று பென்சிலில் இருந்தது. நான் ஆராய்ச்சி என்ற பெயரில் செய்துகொண்டிருந்ததைவிட அந்த நோட்டு ஒழுங்காக இருந்தது. அதை ஒத்துக்கொள்ள அப்போது எனக்கு மனசு வரவில்லை. கிருமி இல்லை என்று நான் எழுதிய ஆட்களுக்கு நீங்கள் யார் மருந்து கொடுக்க என்று சத்தம் போட்டேன்.

அவர் நோட்டைத் திரும்ப வாங்கி மூடினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"மொத ரெண்டு மாசம் நீங்க சொன்னபடிதான் சார் இருந்தேன். கீழ வயல்ல ஒரு மனுசன். இல்லன்னு உங்க சீட்டு வந்துட்டு. நானும் இல்லன்னு சொல்லிட்டேன். நாலாம் நாள் செத்துப்போனாரு. அதுக்கப்புறம் நான் உங்க சீட்டப் பாக்கல சார்."

அந்த நேரத்தில் வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். வெள்ளைச் சேலை, இடுப்பில் நான்கு வயதுப் பெண் குழந்தை. ஊழியரின் வேலை போகப்போகிறது என்று கேள்விப்பட்டு வயலிலிருந்து நேராக வந்திருக்கிறார். இறந்துபோனவரின் மனைவி. எல்லாரும் பேசுகிற உடைந்த இந்தியில் என்னைப் பிடிபிடியென்று பிடித்தார். உன் கண்ணாடிக்குக் காய்ச்சல் இல்லையாம், என் வீட்டுக்காரருக்கு இருந்ததே, இவளுக்கும் இருந்ததே, இந்த பாபு மாத்திரை கொடுத்துத்தானே இவள் இன்றைக்கு நிற்கிறாள் என்று ஊழியரைக் காட்டினார். குழந்தையை என் முன்னால் இறக்கிவிட்டார். அது என் பேனாவைப் பிடுங்கப் பார்த்தது. நான் அதிகாரி முகத்தை வைத்துக்கொண்டு, விசாரித்து முடிவு செய்வோம் என்று சொன்னேன். அந்த வார்த்தைகளைச் சொன்ன வாயை இப்போது நினைத்தாலும் அறையலாம் போல இருக்கிறது.

ஊழியரின் மனைவி டீ கொண்டுவந்தார். சர்க்கரை போதுமா என்று கேட்டார். போதாது என்றேன். அவர் மேஜை ஓரத்திலிருந்து சர்க்கரை டப்பாவை எடுத்தார். டப்பா ஒரு தட்டில் இருந்தது, தட்டில் தண்ணீர் இருந்தது. எறும்புக்காக. எல்லார் வீட்டிலும் செய்வதுதான். இந்தத் தீவின் செவ்வெறும்பு சாதாரண எறும்பு இல்லை, ஒரு வாய் வைக்கவிடாது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தலையாட்டிக்கொண்டே பக்கத்தில் பார்த்தேன். ஒரு முழம் தள்ளி, அதே மேஜையில், ட்ரேயில் கண்ணாடித் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றின்மேல் எறும்பு சாரைசாரையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

எழுந்துபோய் ஒரு துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். பாதி ரத்தம் இருந்தது. மீதிப் பாதி துடைத்துவிட்ட மாதிரி. எட்டு மாதமாக நான் பார்த்துத் திட்டிய அதே திட்டுகள்.

இந்த எறும்பை என்ன செய்வீர்கள் என்று ஊழியரிடம் கேட்டேன். ஊதித் தட்டிவிட்டுத்தான் காகிதத்தில் சுற்றுவேன், ஒன்றுகூட உள்ளே போகாது என்று பெருமையாகச் சொன்னார். எத்தனை நாள் இப்படி வெளியே கிடக்கும் என்றேன்.

"போட் வந்தா ஏழு நாளு. மழையில போட் பந்த் ஆயிட்டுன்னா பத்து, பன்னெண்டு நாளும் ஆகும் சார்."

எங்களிடம் இருந்த கையேடு மெயின்லேண்டில் எழுதியது. காலையில் எடுத்த ரத்தத்தை மாலையே சைக்கிளில் ஆய்வுக்கூடத்தில் சேர்க்கிற ஊருக்காக எழுதியது. தட்டில் வைத்துக் காயவைக்கவும் என்று அதில் இருந்தது, இவரும் அப்படியே வைத்தார். போட்டுக்காகப் பத்து நாள் காத்துக் கிடக்கிற கண்ணாடியைப் பற்றி அதை எழுதிய புண்ணியவான் கனவுகூடக் கண்டிருக்கமாட்டான். சரி, நான் கண்டேனா? பூச்சி அண்டாமல் மூடிவைக்க வேண்டும் என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரி இருந்திருக்கும். பரீட்சைக்கு வராது என்று அந்தப் பக்கத்தைத் தள்ளியிருப்பேன். அந்த வீட்டில் சர்க்கரைக்குக் கிடைத்த பாதுகாப்பு மனுஷ ரத்தத்துக்குக் கிடைக்கவில்லை என்றால் குற்றம் அந்த வீட்டின்மேல் இல்லை.

அடுத்த போட் வரும்வரை அங்கேயே இருந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக உருப்படியாக ஓர் ஆராய்ச்சி செய்தேன். காய்ச்சலில் கிடந்த ஒவ்வொருவரிடமும் இரண்டு கண்ணாடி. ஒரே விரல், ஒரே குத்து, ஒரே எண். ஒன்றை வழக்கம்போல மேஜை ட்ரேயில் வைத்தோம். இன்னொன்றை ஊழியரின் மனைவியிடம் கேட்டு வாங்கிய அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் செங்கல் வைத்து, அதன்மேல் வைத்தோம். தடவியது எல்லாம் ஊழியர்தான். அவர் தடவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவ்வளவு சீராக வராது.

போர்ட்பிளேர் திரும்பியதும் குளிக்கக்கூட இல்லை, மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்தேன். செங்கல்மேல் இருந்தவற்றில் கிருமி ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. அதே ஆட்களின் மேஜைக் கண்ணாடிகளில் ஒன்றுமில்லை. கிருமியும் இல்லை, ரத்தமும் இல்லை.

இரண்டு வரிசையையும் ட்ரேயோடு தூக்கிக்கொண்டு படா சாபிடம் போனேன். மருந்தை எடுக்கக்கூடாது, அந்த ஊழியரை நீக்கக்கூடாது என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் கண்ணாடிகளைத் தொடவே இல்லை. பலகை வார்த்தாகிவிட்டது, விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது என்றார்.

"கவர்மெண்ட் ரத்தத்தை எறும்பு தின்னுடுச்சுன்னு மெயின்லேண்டுக்கு எழுதச் சொல்றீங்களா? சிரிப்பாங்கய்யா. அப்புறம், அவன் மேல மெமோ எழுதினது யாரு? நான் எழுதல."

மெமோ எழுதியது நான்தான். எட்டு மாதச் சீட்டுகளில் இருந்ததும் என் கையெழுத்துத்தான். ட்ரேயைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்குத் திரும்பினேன். வீராவேசமாக ராஜினாமாக் கடிதம் எழுதினேன் என்று சொல்ல ஆசைதான். எழுதவில்லை. ஊழியரை நீக்கும் உத்தரவு டைப் ஆகி, படா சாபின் கையெழுத்துக்காக விழா முடியட்டும் என்று காத்திருந்தது. அதைத் தினமும் பார்த்துக்கொண்டு சம்பளம் வாங்கினேன்.

விழா நடந்தது. படா சாப் கோட்டு போட்டுக்கொண்டு போனார். பலகையைத் திறந்தார். திரும்பி வரவேண்டிய போட்டில் என்ஜின் பழுதாகி, ஹேவ்லாக்கிலேயே வயலோரத்துத் தங்கும் குடிசையில் மூன்று ராத்திரி படுக்கவேண்டியதாயிற்று. கொசு வலை கொண்டுபோகவில்லை. மலேரியா ஒழிந்த தீவுக்குக் கொசு வலை எதற்கு?

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் அவர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. போனேன். மூன்று கம்பளிக்குள் மனிதர் கட்டிலோடு ஆடிக்கொண்டிருந்தார். விரலில் குத்தி இரண்டு கண்ணாடியில் தடவினேன். ஒன்றை மூடி எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். இன்னொன்றை அவர் சாப்பாட்டு மேஜையில், ஜாம் புட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனேன். மறந்துபோய் வைத்தேன் என்று பொய் சொல்லமாட்டேன். மத்தியானம் திரும்பி வந்தபோது எறும்புகள் வேலையை முடித்திருந்தன. அரசாங்க எறும்புகளைக் குறை சொல்ல முடியாது, அதிகாரி, குடியேறியவர் என்ற பேதம் அவற்றுக்குக் கிடையாது.

இரண்டு கண்ணாடியையும் கட்டில் பக்கத்தில் வைத்தேன். சார், மூடி வைத்ததில் கிருமி இருக்கிறது, மேஜையில் வைத்ததில் இல்லை, நம் ஆபீஸ் முறைப்படி மேஜையில் வைத்ததுதான் கணக்கு, படிவத்தில் எதை எழுதட்டும் என்று கேட்டேன். அவர் பல் கிட்டித்துப்போய்க் கிடந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"மொதல்ல மாத்திரையைக் குடுய்யா. எழுதுறத அப்புறம் எழுதிக்கலாம்."

"அதைத்தான் சார் அவரும் செஞ்சாரு."

மாத்திரையைக் கொடுத்தேன். நடுக்கத்திலும் அவருக்குப் புரிந்தது. எழுந்து உட்கார முடிந்த அன்றைக்கே நீக்கும் உத்தரவைத் திருப்பி வாங்கிக்கொண்டார், ஹேவ்லாக்குக்கு மருந்தும் தொடரும் என்று எழுதினார். ஒரு வார்த்தை வருத்தம் கிடையாது. தன்னுடைய காய்ச்சலுக்கு மெயின்லேண்டில் தொற்றியது என்று பதிவு போடச் சொன்னார். மனிதர் மெயின்லேண்டுக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மருந்துப் பெட்டியையும் உத்தரவையும் எடுத்துக்கொண்டு நானே ஹேவ்லாக் போனேன். ஜெட்டியில் பலகை அப்படியே நின்றது, மேலே யாரோ வலை காயப்போட்டிருந்தார்கள். ஊழியர் உத்தரவைப் படித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது, டாக்டர் படிப்பில் அதற்குப் பாடம் இல்லை. மருந்தை எண்ணிப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் உள்ளே போய் ஒரு சீட்டைக் கொண்டுவந்தார். கீழ வயல் மனிதருக்கு நான் அனுப்பிய சீட்டு.

"இதுல இல்லன்னு இருக்கு. அந்த அம்மா கேட்டுக்கிட்டே இருக்காவ. மாத்தி எழுத முடியுமா சார்?"

அந்த அம்மாவும் வந்து வாசலில் நின்றிருந்தார். சீட்டை வாங்கிப் பேனாவைத் திறந்தேன். உண்டு என்று எழுதிவிட்டால் அவருக்கு நிம்மதி. ஆனால் அந்தக் கண்ணாடியில் நான் எதைப் பார்த்தேன்? ஒன்றையும் பார்க்கவில்லை. பார்க்காமல் ஒரு பொய் எழுதியாயிற்று, பார்க்காமலே இன்னொன்று எழுதுவதா? இரண்டு கட்டங்களுக்குப் பக்கத்தில் பேனாவால் மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டேன். அதில் 'தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முப்பது வருஷத்தில் நான் எழுதிய ஒரே நேர்மையான முடிவு அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன எழுதியிருக்கிறார் என்று அந்த அம்மா ஊழியரிடம் கேட்டார். அவர் இந்தியில் சொன்னார். அந்த அம்மா சீட்டை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும், அந்த மையையே கொஞ்ச நேரம் பார்த்தார். இதை அன்றைக்கே எழுதியிருந்தால் இந்த பாபு அவருக்கும் மாத்திரை கொடுத்திருப்பாரே என்று கேட்டார்.

ஆமாம் என்று சொன்னேன்.